அளவு எழுதாத வானூர்தி

சீவக சிந்தாமணியைப் பயின்றோர் அதில் வரும் மயிற்பொறியை எளிதில் மறப்பதில்லை. தனக்கு வரவிருக்கும் கேட்டை உணர்ந்த சச்சந்த மன்னன், கருவுற்றிருந்த தேவி விசயையைக் காக்க விரும்பி, வானில் செல்லும் மயில் ஒன்றைச் செய்விக்கின்றான். துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு ஆகியவற்றைக் கொண்டு ஏழே நாளில் அப்பொறி செய்து முடிக்கப்பட்டது என்கிறார் திருத்தக்கதேவர். பொறியை வலப்புறம் திரித்தால் மயில் எழும். இடப்புறம் திரித்தால் இறங்கும். அரசி அதனை இயக்கவும் பழகிக் கொள்கின்றாள். செய்தலும், செய்ததை வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தலும் ஆகிய இரண்டுமே காப்பியத்தில் இடம்பெற்றுவிட்டன.

இப்பகுதி வகுப்பில் நடக்கும்போது, “இது உண்மையாகவே பறந்திருக்குமா?” என்று ஒரு மாணவனாவது கேளாதிருப்பதில்லை. அது நல்ல கேள்விதான். ஆயினும் அதனினும் நல்ல கேள்வி ஒன்று உண்டு: “அதனை இன்று நாம் மீண்டும் செய்ய முடியுமா?” முடியாது என்பதே விடை. இன்னின்ன பொருள்கள் என்று புலவர் பட்டியல் தந்தார். எத்தனை நாள் என்றும் சொன்னார். இயக்கும் முறையையும் காட்டினார். சிறகின் நீளம் எத்தனை முழம், எடை எவ்வளவு, எந்த விசையால் எழுந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை, அது காப்பியம். செய்த தச்சனின் பெயரும் அங்கே இல்லை.

காப்பியத்துக்கு இது குறையாகாது. வரலாற்றுக்கு இது பெருங்குறை. அக்குறை தமிழ் மண்ணில் மிக அண்மைக் காலத்தில், 1910ஆம் ஆண்டில், ஒரு மெய்யான வானூர்திக்கு நேர்ந்தது. அதனை விளக்குமுன், வேறொரு வானூர்தியின் கதையைச் சொல்லுதல் வேண்டும்.

2013ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகருக்குத் தென்மேற்கேயுள்ள பாயிண்ட் குக் என்னும் விமானப்படைத் தளத்தில், நூறாண்டுப் பழமையான தோற்றம் கொண்ட ஒரு வானூர்தி தரையை விட்டு எழுந்தது. அது பழைய ஊர்தியன்று. பழையதைப் போலவே புதிதாகச் செய்யப்பட்ட மறுபடைப்பு. ரான் கிரெட்டன், ஜெப் மேத்யூஸ் என்னும் இருவர் முன்னின்று, பல ஆண்டுகள் உழைத்து அதனைக் கட்டி முடித்தனர். 1914ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் அதே தளத்தில் எரிக் ஹாரிசன் என்பவர் ஆஸ்திரேலியப் படைத்துறையின் முதல் வானூர்தியைப் பறக்கவிட்டார். அந்நிகழ்ச்சியின் நூற்றாண்டு விழாவுக்காகவே இம்முயற்சி மேற்கொள்ளப்பட்டது. ஹாரிசன் ஓட்டிய ஊர்தியின் வகை ‘பிரிஸ்டல் பாக்ஸ்கைட்’. பெட்டிப் பட்டம் என்பது அதன் பொருள். ஆலைக்காரர் இட்ட பெயர் வேறு. அதன் வடிவத்தைக் கண்டு மக்கள் இட்ட இப்பெயரே நிலைத்தது.

மலேசியத் தமிழருக்கு இவ்வூர்தி முற்றிலும் அயலானது அன்று. 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் சிங்கப்பூரின் பழைய குதிரைப் பந்தயத் திடலில் முதன்முதலாக ஒரு வானூர்தி எழுந்தபோது, அதுவும் இவ்வகையைச் சேர்ந்ததாகவே இருந்தது. ஓட்டியவர் ஜோசப் கிறிஸ்தியேன்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டவர். அவர் மோட்டார்ப் பந்தய வீரருங்கூட. பின்னாளில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்திலும் கலந்துகொண்டார். அன்று சிங்கப்பூரில் கூடியிருந்தோருள் பலர் அதுவரை கண்டிருந்த பறக்கும் பொருள்கள் பறவையும் பட்டமும்தாம்.

பாக்ஸ்கைட்டின் உருவம் இன்றைய மாணவனுக்கு வியப்பளிக்கும். மேலொன்றும் கீழொன்றுமாக இரு சிறகுகள். அவற்றைத் தாங்கி நிற்கும் மெல்லிய மரக்கால்கள். கால்களுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள். உடல் என்று சொல்லத்தக்க பகுதியே இல்லை. திருமணப் பந்தலுக்குச் சிறகு முளைத்தால் எப்படியிருக்குமோ அப்படி இருக்கும். ஓட்டுநர் கீழ்ச்சிறகின் முன்விளிம்பில் அமர்ந்திருப்பார். அவர் காலுக்குக் கீழே வெறும் காற்றுத்தான். அவருக்கு முன்னே நீண்ட கழிகளின் முனையில் ஊர்தியை ஏற்றவும் இறக்கவும் உதவும் தட்டு ஒன்று இருக்கும். பொறி அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கும். காற்றாடி முன்னின்று இழுப்பதற்கு மாறாகப் பின்னின்று தள்ளும். பொறியின் ஆற்றல் 50 குதிரைத்திறன். ஊர்தியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 மைல். இன்று ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் செல்லும் சரக்கு வண்டி அதனை எளிதாக முந்திவிடும்.

‘நோம்’ என்னும் பிரெஞ்சுப் பொறியைப் பற்றி ஒரு சொல். இக்காலப் பொறிகளில் உருளைகள் நிலையாக நிற்க, நடுத்தண்டு சுழலும். நோம் பொறியிலோ தண்டு நிலையாக நிற்க, ஏழு உருளைகளும் காற்றாடியோடு சேர்ந்து சுழலும். அதற்கு உராய்வு நீக்கும் எண்ணெயாகப் பயன்பட்டது நம் வீட்டு விளக்கெண்ணெய், அஃதாவது ஆமணக்கெண்ணெய். பெட்ரோலில் கரையாத எண்ணெய் தேவைப்பட்டதால் இதனைத் தெரிந்தெடுத்தார்கள். பொறி சுழலச் சுழல எரிந்த எண்ணெய் புகையாகவும் துளியாகவும் சிதறும். பாட்டியின் மருந்துப் பெட்டியில் இருந்த எண்ணெய் மனிதனை வானில் ஏற்றியது என்று சொன்னால் மாணவர் சிரிப்பர், சிரித்தாலும் மறக்கமாட்டார்.

இனி இவ்வூர்தி பிறந்த கதைக்கு வருவோம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் டிராம் வண்டி நிறுவனத்தின் தலைவராக விளங்கிய சர் ஜார்ஜ் ஒயிட், 1910ஆம் ஆண்டு பிப்ரவரியில் வானூர்திக் குழுமம் ஒன்றைத் தொடங்கினார். பில்டன் என்னுமிடத்தில் டிராம் நிறுவனத்துக்குரிய கொட்டகைகளே முதல் தொழிற்கூடமாயின. பிரெஞ்சு நாட்டு உரிமத்தின்கீழ்க் கட்டப்பட்ட முதல் ஊர்தி சரியாகப் பறக்கவில்லை. உடனே ஜார்ஜ் சாலஞ்சர் என்னும் பொறியாளர், அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஹென்றி பார்மனின் ஊர்தியைப் பற்றி அச்சில் வெளிவந்திருந்த விவரங்களைக் கொண்டு புதிய வரைபடங்களை வரைந்தார். அவ்வாண்டு ஜூலை 30ஆம் நாளில் புதிய ஊர்தி லார்க்கில் என்னுமிடத்தில் பறந்தது. பார்மன் தரப்பினர் தம் வடிவத்தைக் களவாடிவிட்டதாக வழக்குத் தொடுக்க முனைந்தனர், பிரிஸ்டல் குழுமத்தார் தாம் பல திருத்தங்கள் செய்திருப்பதாக விடையளித்தனர், வழக்கு நடைபெறவில்லை. ஆகவே, இன்று மூல ஊர்தி என்று போற்றி மறுபடைப்புச் செய்யப்படும் பாக்ஸ்கைட்டே ஒரு படியெடுப்புத்தான்! இவ்வகையில் மொத்தம் 78 ஊர்திகள் கட்டப்பட்டன.

இங்கே கருதத்தக்கது, அதனைக் கட்டியவர் யாவர் என்பது. 1910இல் ‘வானூர்தித் தொழிலாளி’ என்று ஓர் இனமே உலகில் கிடையாது. தச்சர், கொல்லர், தையற்காரர், வண்ணம் பூசுவோர் ஆகியோரே அதனைக் கட்டினர். டிராம் வண்டிக்கும் கோச்சு வண்டிக்கும் மரத்தை வளைத்தும் இழைத்தும் பொருத்தியும் பழகிய கைகளே சிறகின் விலாச்சட்டங்களையும் இழைத்தன. வண்டிக் கூரைக்குத் துணி இழுத்துக் கட்டியவனே சிறகுக்கும் துணி இழுத்துக் கட்டினான்.

இதே 1910ஆம் ஆண்டில், பிரிஸ்டல் ஊர்தி பறப்பதற்குச் சில திங்கள் முன்னரே, சென்னையிலும் கோச்சு வண்டித் தொழிலாளர் வானூர்தி ஒன்றைக் கட்டினர்.

சென்னை மவுண்ட் ரோட்டில் பெயர்பெற்ற விடுதி ஒன்றை நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்னும் ஐரோப்பியர், 1909 ஜூலையில் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் பெரிதும் ஈர்க்கப்பட்டார். அவர் பொறியாளரல்லர், சமையற்கலையிலும் இனிப்புப் பண்டங்களிலும் பெயர் பெற்றவர். எனினும் இரட்டைச் சிறகு ஊர்தி ஒன்றைத் தாமே திட்டமிட்டு, அதனைக் கட்டும் பணியைச் சென்னையின் சிம்சன் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். சிம்சன் 1840இல் தொடங்கப்பட்ட கோச்சு வண்டிப் பட்டறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சாமுவேல் கிரீன் என்பவரின் முயற்சியால், நீராவியால் இயங்கும் மோட்டார் வண்டியை அங்கே கட்டியிருந்தனர். புதியன செய்வதற்கு அஞ்சாத பட்டறை அது. கட்டி முடித்த வானூர்தியைப் பல்லாவரத்துக்குக் கொண்டு சென்று 1910 மார்ச்சில் வெள்ளோட்டம் விட்டார் டி ஏஞ்சலிஸ். ஊர்தி எழுந்தது. பின்னர்த் தீவுத்திடலில் பொதுமக்கள் காணவும் அதனைக் காட்சிக்கு வைத்துப் பறக்கவிட்டார்.

இந்திய வான்பயண வரலாற்றைப் பேசுவோர் வழக்கமாக அலகாபாத்திலிருந்தே தொடங்குவர். 1910 டிசம்பரில் அங்கே பறந்த ஊர்தியையும், 1911 பிப்ரவரி 18ஆம் நாள் ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சு இளைஞர் ஏறத்தாழ 6,500 கடிதங்களைச் சுமந்துகொண்டு யமுனைக்கு அப்பாலிருந்த நைனிக்குப் பறந்த உலகின் முதல் வான் அஞ்சலையும் சொல்வர். அவை போற்றத்தக்கனவே. ஆயினும் அலகாபாத்தில் பறந்தவை ஐரோப்பாவில் கட்டப்பட்டுக் கப்பலில் வந்தவை. பல்லாவரத்தில் பறந்தது சென்னையில் கட்டப்பட்டது, காலத்தாலும் முந்தியது. இதனைத் தமிழ் நூல்கள் உரக்கச் சொல்லாதது ஏனோ தெரியவில்லை. புட்பக விமானத்தையும் மயிற்பொறியையும் பேசாத மேடை இல்லை; பல்லாவரத்தைப் பேசும் மேடை அரிது.

பில்டனிலும் சென்னையிலும் தொழில் ஒன்றே; கருவிகள் ஏறக்குறைய ஒன்றே; ஆண்டும் ஒன்றே. ஆனால், பில்டன் ஊர்தியை 2013இல் மீண்டும் கட்ட முடிந்தது. பல்லாவரத்து ஊர்தியை இன்று யாராலும் கட்ட முடியாது.

ஏன் முடியாது? பில்டனில் 78 ஊர்திகள் செய்ய வேண்டியிருந்தமையால் வரைபடம் வேண்டியிருந்தது. ஒருவர் இழைத்த சட்டம் இன்னொருவர் இழைத்த சட்டத்தோடு பொருந்த வேண்டுமானால் அளவு எழுத்தில் இருந்தாக வேண்டும். பல நாடுகளுக்கு விற்றமையால் விளக்கக் குறிப்புகள் வேண்டியிருந்தன. பயிற்சிப் பள்ளிகளில் பயன்பட்டமையால் ஒளிப்படங்கள் பெருகின. அக்குழுமம் பல்லாண்டுகள் நிலைத்து வளர்ந்தது; கான்கார்டு என்னும் ஒலியினும் விரைந்து செல்லும் பயணிகள் ஊர்தியின் பிரிட்டானியப் பகுதியும் பின்னாளில் அதே பில்டனில்தான் உருவாயிற்று. நிறுவனம் வாழ்ந்தமையால் அதன் தாள்களும் வாழ்ந்தன. பல்லாவரத்து ஊர்தியோ ஒன்றே ஒன்று. ஒன்றை மட்டும் செய்கின்ற தச்சனுக்கு வரைபடம் எதற்கு? தரையில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, கயிற்றால் அளந்து, கண்ணால் மட்டம் பார்த்து அவன் வேலையை முடித்துவிடுவான். ஆரக்காலும் வட்டையும் குடமும் எந்த அளவில் பொருந்த வேண்டும் என்பதை நம் வண்டித் தச்சர் ஏட்டில் எழுதி வைத்ததில்லை; மகனின் கையைப் பிடித்துக் கற்பித்தனர். மகன் அத்தொழிலை விட்டால் அளவும் போயிற்று.

மறுபடைப்பு என்பது எத்துணை நுண்ணிய அறிவை வேண்டுகிறது என்பதை உணர்ந்தால்தான் இவ்விழப்பின் அளவு விளங்கும். சிறகின் நீளமும் அகலமும் தெரிந்தால் மட்டும் போதாது. விலாச்சட்டத்தின் வளைவு எவ்வளவு, எந்த இடத்தில் மிகுதி என்று தெரிய வேண்டும். அவ்வளைவில் ஊர்தியின் உயிர் இருக்கிறது. ஒவ்வோர் இழுகம்பியையும் எவ்வளவு இறுக்குவது என்று தெரிய வேண்டும். ஒரு கம்பியைக் கூடுதலாக இறுக்கினால் எதிர்ப்பக்கச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதனைச் சரிசெய்ய அடுத்த கம்பியைத் தொட்டால் வேறொன்று தளரும். தூக்குநூலும் மட்டப்பலகையும் கொண்டு நாள்கணக்கில் இவ்வேலை நடக்கும். இதில் விரைவு காட்டுவோர் பின்னர் வருந்துவர்.

பாக்ஸ்கைட்டில் இன்னொரு விந்தையும் உண்டு. சிறகுகளின் பின்விளிம்பில் ஊர்தியைப் பக்கவாட்டில் சமன்செய்யும் தட்டுகள் கீலில் தொங்குகின்றன. ஊர்தி தரையில் நிற்கும்போது அவை துவண்டு தொங்கும். முதன்முறை காண்பவர் ஏதோ முறிந்துவிட்டது என்றே கருதுவார். ஓடத் தொடங்கியதும் காற்று அவற்றைத் தூக்கி நேராக்கும். ஓட்டுநரின் கம்பி அவற்றைக் கீழே மட்டுமே இழுக்கும். மேலே தூக்குவது காற்றின் வேலை. நூலில் படித்தால் இது ஒரு வரிச் செய்தி. செய்து பார்த்து ஓட்டியவருக்கோ, அக்கால ஓட்டுநர் விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் காற்று அடங்கிய நேரத்தில் மட்டுமே பறந்தது ஏன் என்பதற்கான விளக்கம் அது. செய்து பார்ப்பதால் வரலாற்றறிவு வளர்கிறது என்று சொல்வது இதனால்தான்.

வெள்ளோட்டம் விடுவதும் அவ்வாறே. புதிதாகக் கட்டிய பழைய ஊர்தியை எவரும் முதல் நாளே வானில் ஏற்றுவதில்லை. முதலில் தரையில் கட்டி வைத்துப் பொறியை ஓட்டிப் பார்ப்பர். பிறகு ஓடுபாதையில் மெல்ல உருட்டிப் பார்ப்பர், பிறகு விரைவாக. பின்னர், ஓரடி ஈரடி உயரத்துக்கு எழும்பி உடனே இறங்குவர். அதன் பின்னரே நேர்கோட்டில் சிறு பறப்பு. திரும்புவதெல்லாம் கடைசியில்தான். பாக்ஸ்கைட் போன்ற ஊர்தியில் பறக்கத் தேவையான குறைந்த வேகத்துக்கும் அதனால் இயன்ற உச்ச வேகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. வேகம் சற்றே குறைந்தால் சிறகு தாங்காது. கூட்டவோ பொறியில் வலு இராது.

தோல்வியும் பாடமாகும் என்பதற்கு ரைட் உடன்பிறப்பாளரின் ஊர்தியைச் சுட்டலாம். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் 12 விநாடிகளில் 120 அடி பறந்த அவ்வூர்தியின் முழு அளவு மறுபடைப்பு ஒன்று 1999இல் கலிபோர்னியாவில் அமெரிக்க விண்வெளி அமைப்பின் பெரிய காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி ஆராயப்பட்டது. முன்னும் பின்னும் தலையாட்டும் இயல்புடைய, அடங்காத ஊர்தி அது என்பது அளவுகளால் உறுதியாயிற்று. நூற்றாண்டு நிறைவையொட்டி வேறொரு குழுவினர் மிக நுணுக்கமாகக் கட்டிய மறுபடைப்பு, 2003 நவம்பரில் ஏறத்தாழ 100 அடி பறந்தது. ஆனால் விழா நாளான டிசம்பர் 17இல் மழை பெய்தது, காற்று போதவில்லை. குடியரசுத் தலைவரும் பெருங்கூட்டமும் வந்திருந்த அந்நாளில் ஊர்தி எழாமல் சேற்று நீரில் சறுக்கி நின்றது. செய்தித்தாள்கள் அதனைத் தோல்வி என்றன. உண்மையில், ரைட் உடன்பிறப்பாளர் வலிய எதிர்க்காற்று வீசும் நாளை ஏன் காத்திருந்து தேர்ந்தனர் என்பதை அதைவிடத் தெளிவாக எந்த நூலும் விளக்கியதில்லை.

இங்கே நேர்மை பற்றிய ஒரு வினாவும் எழுகிறது. பாயிண்ட் குக் ஊர்தியில் பழைய நோம் பொறி இல்லை. இக்காலத்தில் செய்யப்பட்ட பொறியே பொருத்தப்பட்டது. 1965இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்துக்காகக் கட்டப்பட்டு, இங்கிலாந்தில் ஓல்ட் வார்டன் என்னும் ஊரில் ஷட்டில்வொர்த் தொகுப்பினர் பேணிவரும் பாக்ஸ்கைட் மறுபடைப்பிலும் அவ்வாறே. உயிருக்கு ஏமம் வேண்டும் என்பதால் இதனைக் குறைகூற இயலாது. ஆயினும் பொறி மாறினால் ஊர்தியின் குணமும் ஓரளவு மாறும். எது பழையது, எது புதியது என்று கட்டியவர் வெளிப்படையாகச் சொல்லும்வரை அது வரலாற்றுப் பணி. சொல்லாது மறைத்தால் அது வேடிக்கைப் பொருள். பல்லாவரத்து ஊர்தி என்று பெயர் சூட்டி இன்று எவரேனும் ஒன்றைக் கட்டினால், அது எவ்வளவு அழகாயிருந்தாலும் கற்பனையாகவே இருக்கும்.

பேராக் வாசகர் இதுவரை வந்ததும், “சென்னையும் பிரிஸ்டலும் நமக்கு என்ன?” என்று கேட்கலாம். 1910ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். பல்லாவரத்தில் ஊர்தி எழுந்த அடுத்த திங்களில் இலண்டன் சந்தையில் ரப்பரின் விலை இறாத்தல் ஒன்றுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ் என்னும் உச்சத்தைத் தொட்டது. மோட்டார் வண்டியின் உருளைப்பட்டையே அவ்விலையை ஏற்றியது. வானூர்தியும் ரப்பரின்றி இறங்க முடியாது. பார்மன், பாக்ஸ்கைட் வகை ஊர்திகளில் எஃகு வில் கிடையாது; சக்கரங்களைத் தாங்கும் அச்சு மரச்சறுக்குக் கட்டைகளோடு ரப்பர்க் கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தது. ஊர்தி தரையைத் தொடும் அதிர்ச்சியை ஏற்றது அந்த ரப்பர்தான். உலகச் சந்தையில் அமேசான் காட்டு ரப்பரே அன்று மிகுதி. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளிலேயே தோட்ட ரப்பர் அதனை முந்திவிட்டது. 1877இல் நடப்பட்டதென்று கோலகங்சாரில் இன்றும் காட்டப்படும் ரப்பர் மரம் அம்மாற்றத்தின் தொடக்கம்.

அதே ஆண்டில்தான் மலாயாவுக்கு இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறை தொடர்ந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, சுங்கை சிப்புட்டுக்கும் பத்து காஜாவுக்கும் தாப்பாவுக்கும் பிரிந்து சென்றோருள் உழவர் மட்டும் இருந்தார் என்று எண்ணுதல் தவறு. தச்சரும் கொல்லரும் கொத்தரும் இருந்தனர். பத்து காஜாவுக்கு அண்மையில் நிற்கும் கெல்லி மாளிகையே சான்று. கெல்லஸ் தோட்டத்தின் உரிமையாளரான வில்லியம் கெல்லி சுமித் 1915இல் தொடங்கிய அம்மாளிகைக்குச் சென்னை மாநிலத்திலிருந்தே கைவினைஞரும் செங்கல்லும் வரவழைக்கப்பட்டன. ஸ்பானியக் காய்ச்சல் பரவியபோது தொழிலாளர் பலர் மாண்டனர். அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் கூரையில் கெல்லி சுமித்தின் உருவம் நிற்கிறது. 1926இல் அவர் லிஸ்பனில் மறைந்ததும் வேலை நின்றது. சுற்றுலாப் பயணிகள் அனைவருக்கும் அவர் பெயர் தெரியும். வளைவுகளைச் சாரமின்றித் தாங்கி நிற்குமாறு கட்டிய கொத்தனின் பெயரைக் கேட்பாரும் இல்லை.

பத்து காஜாவுக்கு வானூர்தியோடு நேர்த் தொடர்பும் உண்டு. நியூசிலாந்தில் பிறந்து, கிந்தாவில் நில அளவையாளராக வந்து, சுரங்கமும் தோட்டமும் உடையவராக உயர்ந்த சார்ல்ஸ் அல்மா பேக்கர், முதல் உலகப்போரின்போது பிரிட்டானியப் படைக்கு வானூர்தி வாங்க மலாயாவில் நிதி திரட்டினார். சிறிய ஊர்திக்கு 1,500 பவுன், பெரியதற்கு 2,250 பவுன் என்று நன்கொடை வரையறுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர் விரும்பிய பெயர் ஊர்தியில் பொறிக்கப்பட்டது. போர் முடிந்தபின், 1920இல், பேக்கர் இந்த ஊர்திகளையும் கொடையாளரையும் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். எனவே, கிந்தாவின் ஈயப் பணத்தாலும் ரப்பர்ப் பணத்தாலும் எந்தப் பெயருடைய ஊர்தி பறந்தது என்பதை இன்றும் அறியலாம். அப்பணத்துக்கு மூலமான பாலை வடித்தவரின் பெயர் அந்நூலுக்குத் தேவைப்படவில்லை.

கொடுத்தவரும் உடையவரும் தம் பெயரை எழுதிவைத்ததில் பிழை ஏதுமில்லை. செய்தவர் எழுதாமற் போனதே இங்குச் சிக்கல். எழுத்தறிவு மறுக்கப்பட்டவரை எழுதவில்லை என்று குற்றஞ்சாட்டுவதும் முறையாகாது. ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்.

தஞ்சோங் துவாலாங் செல்லும் வழியில் 1938இல் கட்டப்பட்ட ஈயக்கப்பல் ஒன்று, 1982இல் வேலை நின்றபின்னும் உடைபடாமல் காக்கப்பட்டு, காட்சிப் பொருளாக நிற்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மண்ணை வாரிய அதன் வாளிச் சங்கிலியைப் பள்ளி மாணவர் நேரில் கண்டு அளக்கலாம். ரப்பர்த் தோட்டங்களுக்கு அப்பேறு வாய்த்ததில்லை. பெரும்பாலானவை செம்பனைக்கு மாறின. சில வீடமைப்பு நிலங்களாயின. ரப்பர்த் தகடு பிழியும் உருளைப் பொறிகள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. புகைக்கூடங்கள் இடிந்தன. அங்கே தகடுகளை எத்தனை நாள் தொங்கவிட்டனர், எந்த விறகை எரித்தனர், பால் உறைவதற்கு எத்தனை வாளி நீருக்கு எவ்வளவு காடி சேர்த்தனர், பட்டையைச் சீவும் உளியின் நுனியை எந்தக் கோணத்தில் தீட்டினர் என்பன யாவும், சிம்சன் பட்டறைத் தச்சனின் சுண்ணாம்புக் கோட்டைப் போலவே, கையில் இருந்த அறிவு. மங்கும் உளியும் இன்னும் சில வீடுகளின் பின்கட்டில் கிடக்கின்றன. அவற்றை அளந்து, வரைந்து, பிடித்தவரிடம் கேட்டு எழுத ஒரு நான்காம் வகுப்பு மாணவனுக்கு வேண்டியவை ஓர் அடிக்கோலும் ஒரு குறிப்பேடும்தாம்.

பல்லாவரத்துக்கோ அந்த வாய்ப்பு போய்விட்டது. இன்று அவ்வூரை ஒட்டியே சென்னை வானூர்தி நிலையம் பரந்து கிடக்கிறது. பேராக்கிலிருந்து உறவினரைக் காணவும் கோயில்களைத் தொழவும் செல்வோர் அங்கேதான் இறங்குகின்றனர். சக்கரங்கள் ஓடுபாதையைத் தொடும் நேரத்தில் பெரும்பாலோர் தலைக்குமேலுள்ள பெட்டிகளை எடுக்க எழுந்துவிடுகின்றனர்.